எந்த மொழி வேண்டும்? பள்ளியின் அயல்மொழித் திட்டத்தில் மாணவர்களின் பேச்சையும் சேர்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் அயல்மொழிப் பாடங்களைக் கவனிக்கும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, மாணவர்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வது என்று ஒரே உற்சாகம். உடனே ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன். நான்கு மொழிகளின் பெயர், பக்கத்தில் நான்கு கட்டம், ஒன்றில் டிக் போடவும். அவ்வளவுதான் தாள். ஜப்பானியத்துக்கு டிக் குவிந்தது. ஆசிரியரைத் தேடிப் பிடித்து, புத்தகம் வாங்கி, வகுப்பும் தொடங்கியாயிற்று. இரண்டாம் பருவம் வருவதற்குள் வகுப்பில் பல முகங்கள் தொங்கிவிட்டன. ஒரு மாணவியிடம் என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். “கார்ட்டூன் பார்க்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன் சார். எழுத்தே மூணு வகை இருக்குன்னு யாரும் சொல்லலையே” என்றாள்.

சொல்லவில்லைதான். அந்தத் தாளில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஒரு தகவல்கூட இல்லை. அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது, சீட்டுக் குலுக்கல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்கப்புறம் சில வருடங்களாக இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, பல தப்புகளைத் திருத்திக்கொண்டு வந்த வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மொழி ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், மாணவர் மன்றத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் பயன்படும். அடுத்த கல்வியாண்டு தொடங்க எட்டு மாதமாவது இருக்கும்போது ஆரம்பியுங்கள். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும், முடியாது.

முதல் படி: எது முடிவாகிவிட்டது என்று முதலில் எழுதுங்கள்

மாணவர்களிடம் போவதற்கு முன்னால் பள்ளி நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் ஏற்கெனவே முடிவாகிவிட்டவை: வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தத் தேர்வு வாரியம், எத்தனை ஆசிரியர் வைக்கப் பணம் இருக்கிறது. இரண்டாவதில் மாணவர் கருத்தால் மாறக்கூடியவை: எந்தெந்த மொழி, எந்த வகுப்பில் தொடங்குவது, நடுவில் மாற அனுமதி உண்டா. மூன்றாவதில் மாணவர்களே முடிவு செய்யக்கூடியவை: வகுப்பில் எடுக்கும் தலைப்புகள், செயல்திட்டம், மொழி மன்றத்தின் நிகழ்ச்சிகள்.

இரண்டாவது பத்தியும் மூன்றாவது பத்தியும் காலியாக இருந்தால், தயவுசெய்து கருத்துக் கேட்பே வேண்டாம். பிரெஞ்சு ஆசிரியரை ஏற்கெனவே வேலைக்கு எடுத்துவிட்டு “உங்களுக்கு எந்த மொழி பிடிக்கும்?” என்று கேட்பது கண்துடைப்பு. பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் உண்மையாகவே கேட்கும்போதும் நம்ப மாட்டார்கள்.

கேட்பது பெருந்தன்மை என்று யாராவது நிர்வாகத்தில் சொன்னால், அது பிள்ளைகளின் உரிமை என்று நினைவூட்டலாம். 1989இல் ஐ.நா. சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். அதில் கீழே உள்ள மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் கணக்கு: பிள்ளைகளை வைத்துக் காரியம் சாதிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்குக் கூப்பிடுவது. பள்ளிகளில் நடக்கும் கருத்துக் கேட்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது படியில்தான் நிற்கின்றன என்பது என் அனுபவம்.

எனக்கு வேலைக்கு அதிகம் உதவுவது பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் லாரா லண்டி 2007இல் எழுதியது. நான்கு சொல்தான்: இடம், குரல், கேட்பவர், தாக்கம். பேசப் பயமில்லாத இடம் இருக்கிறதா, கருத்தைச் சொல்ல வழி இருக்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் காதில் அது விழுகிறதா, அதனால் ஏதாவது மாறுகிறதா? பள்ளிகள் முதல் இரண்டோடு நின்றுவிடும். மாணவர் மன்றம் கூடும், பேசும், குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பு யார் மேசைக்குப் போனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தொடங்கும்போதே பெயர் குறித்துவிடுங்கள்: இந்த முடிவுகளை யார், எந்தத் தேதியில் படிக்கப்போகிறார்?

இரண்டாம் படி: பழைய பதிவேட்டைப் புரட்டுங்கள்

மாணவர்கள் வாயால் சொல்வதற்கு முன்பே காலால் சொல்லியிருப்பார்கள். கடந்த நான்கைந்து வருடப் பதிவேட்டை எடுங்கள். எந்த மொழியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விட்டுப்போனார்கள், எந்த மாதத்தில் போனார்கள். இந்த மூன்றாவது தகவலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. முதல் மாதத்தில் போனால் தகவல் இல்லாமல் சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். முதல் தேர்வு முடிந்ததும் போனால் மதிப்பெண் பயம். கட்டாயம் முடியும் வகுப்பு வரை இருந்துவிட்டு ஒட்டுமொத்தமாகப் போனால், அவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கடைசி வகைக்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்கே 2004 செப்டம்பர் முதல் 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்றாக்கினார்கள். 2001 வாக்கில் 16 வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஏதாவது ஒரு மொழியை எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011இல் அது ஏறக்குறைய 40 சதவீதம். பிரெஞ்சும் ஜெர்மனும் பலமாக அடிவாங்கின. ஸ்பானியம் மட்டும் வளர்ந்து, 2019இல் மேல்நிலைத் தேர்வில் பிரெஞ்சையே முந்தியது.

இதைச் சொன்னால் “பார்த்தீர்களா, விருப்பத்துக்கு விட்டால் ஓடிவிடுவார்கள்” என்பார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தேர்வு ஒன்றே ஒன்றுதான்: இருப்பதா, போவதா. எந்த மொழி, எப்படிக் கற்பது, எப்படி மதிப்பிடுவது என்பதில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது? மொழிப் பாடத்தில் நல்ல கிரேடு வாங்குவது மற்றப் பாடங்களைவிடக் கடினம் என்ற புலம்பல் வெகுநாளாக இருந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதைச் சரிசெய்யத் தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்வந்தது 2019இல்தான். கதவை மட்டும் திறந்துவிட்டு உள்ளே ஒன்றையும் மாற்றாமல் இருந்தால் யாராக இருந்தாலும் வெளியேதான் போவார்கள்.

மூன்றாம் படி: கேட்பதற்கு முன் காட்டுங்கள்

என் ஜப்பானியக் கதைக்கு மருந்து இதுதான். கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மொழியிலும் மூன்று மாதிரி வகுப்பு. ஒன்று போதாது. முதல் வகுப்பில் எந்த மொழியும் இனிக்கும். வணக்கம் சொல்வதும் பெயர் சொல்வதும் யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டாவது வகுப்பில் எழுத்து. மூன்றாவதில் கொஞ்சம் கஷ்டமான இலக்கணம் ஒன்றை வேண்டுமென்றே வையுங்கள். ஜெர்மன் என்றால் மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லாத பால் என்பதைச் சொல்லி முகங்களைப் பாருங்கள்.

எல்லா மொழிக்கும் ஒரே நேரம், ஒரே அளவு வசதி. நன்றாகப் பேசும், பாட்டுப்பாடும் ஆசிரியர் எடுத்த மொழி ஜெயித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பிள்ளைகள் மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்களா, டீச்சரைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்பது எனக்கு இன்னமும் முழுசாகப் பிடிபடாத விஷயம். டீச்சருக்காகச் சேர்வதும் மோசமான காரணமில்லை. ஆனால் அந்த டீச்சர் அடுத்த வருடமும் இருப்பாரா என்பதைப் பள்ளி யோசிக்க வேண்டும்.

மாதிரி வகுப்போடு ஒரு பக்கத் தகவல் தாளும் கொடுங்கள். விளம்பர நோட்டீஸ் மாதிரி வேண்டாம். மளிகைப் பட்டியல் மாதிரி இருக்கட்டும். எழுத்து: கொரிய மொழிக்கு அடிப்படை எழுத்து 24, ரஷ்யனுக்கு 33, அரபிக்கு 28, அதுவும் வலமிருந்து இடமாக. ஜப்பானியத்தில் ஹிராகானா 46, கட்டகானா 46. இவை போக அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் 2,136. உச்சரிப்பு: சீனத்தில் ஒரே அசை நான்கு தொனியில் நான்கு பொருள் தரும். சொல் வரிசை: ஜப்பானியத்திலும் கொரியத்திலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். இந்த ஒரு வரி பல பேருக்குத் தைரியம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நேரக் கணக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜதந்திரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் அமெரிக்க அரசின் பயிற்சி நிறுவனம், ஸ்பானியம் போன்ற மொழிக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி, ஜப்பானியம், சீனம், கொரியம், அரபி ஆகியவற்றுக்கு 2,200 மணி என்று கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கான, ஆங்கிலத்திலிருந்து போகிறவர்களுக்கான கணக்கு அது. நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் பள்ளியின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வாரம் இரண்டு பீரியட், பீரியட்டுக்கு 40 நிமிடம், வருடத்துக்கு 36 வாரம். மொத்தம் 48 மணி நேரம். ஐந்து வருடம் படித்தாலும் 240 மணி.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். “அஞ்சு வருஷத்துல சரளமா பேசிடலாமா மிஸ்?” என்று கேட்கும் பையனுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சரளமாக வராது. கடையில், ரயிலில், புது நண்பரிடம் சமாளிக்கலாம். எளிய கதை படிக்கலாம். மேலே போக ஒரு அடித்தளம் இருக்கும். இதைக் கேட்டுவிட்டும் ஒரு பிள்ளை சேர்கிறது என்றால் அது சீக்கிரத்தில் விட்டுப்போகாது.

நான்காம் படி: கேள்வித்தாள்

பெயர் வேண்டாம். வகுப்பு மட்டும் போதும். சின்னப் பிரிவு என்றால் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முடிந்தால் கணினியில் நிரப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் திரும்பி வருவது பெற்றோரின் விடை. வகுப்பிலேயே, எல்லோரும் ஒரே நேரத்தில், பக்கத்தில் பேசாமல் நிரப்பட்டும். பெற்றோருக்குத் தனியாக வேறு நிறத்தில் ஒரு தாள் அனுப்புங்கள். இரண்டையும் எடுத்துவைத்துப் பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள் என்று தெரியும்.

எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

“அயல்மொழி கற்பது முக்கியம் என்று நினைக்கிறீர்களா?” இது வேண்டாம். எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேட்டவரைச் சந்தோஷப்படுத்தும் விடை அது.

“எந்த மொழி பிடிக்கும்?” இதுவும் தனியாக வேண்டாம். பதிலாக, மாதிரி வகுப்பு நடந்த மொழிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ‘எதுவும் வேண்டாம்’ என்ற இடமும் இருக்கட்டும். அதை அடைத்துவிட்டால் வேண்டாதவர்கள் எல்லாம் எளிது என்று கேள்விப்பட்ட மொழியில் போய் விழுவார்கள்.

“பத்து வருடம் கழித்து இந்த மொழியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.” எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மொழி கற்கும் ஆர்வத்தைப் பற்றி ஆராய்ந்த ஸோல்டான் டோர்னியெய் 2005இல் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படை: அந்த மொழியைப் பேசும் எதிர்கால ‘நான்’ ஒருவருக்குக் கண்முன் தெளிவாகத் தெரிந்தால் அவர் விடாமல் படிப்பார். ஒரு மாணவன் “வேலை கிடைக்கும்” என்று மட்டும் எழுதியிருந்தான். இன்னொருவன் “எனக்குப் பிடிச்ச அணியோட கோச் பேசுறதை சப்டைட்டில் இல்லாம கேப்பேன்” என்று எழுதியிருந்தான். முதல் பதில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதில் ஒரு ஆள் தெரிகிறான்.

“மாதிரி வகுப்பில் எந்த இடத்தில் சலித்தது?” “வீட்டில் வேறு என்ன மொழி பேசுகிறீர்கள்?” இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பாட்டியோடு ஒரு மொழி, அப்பாவோடு ஒரு மொழி என்று வாழும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அது பள்ளிக்குத் தெரிந்தே இருக்காது. பள்ளி தேடிக்கொண்டிருக்கும் மொழி சில சமயம் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

“உங்கள் நெருங்கிய நண்பர் வேறு மொழிக்குப் போனாலும் இதே வரிசைதானா?” விளையாட்டாகத் தோன்றும் கேள்வி. இதற்கு வரும் ‘இல்லை’களை எண்ணிப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

பத்துக் கேள்விக்கு மேல் போக வேண்டாம். சிறு வகுப்புகளுக்கு எழுத்தே வேண்டாம். சுவரில் மொழிகளின் பெயரை ஒட்டி, ஆளுக்கு மூன்று வண்ணப் பொட்டு கொடுத்து ஒட்டச் சொல்லலாம். ஆனால் ஒருவர் ஒட்டுவதை இன்னொருவர் பார்க்காத மாதிரி ஒரு மறைப்பு வேண்டும். இல்லாவிட்டால் முதலில் போன குழந்தை ஒட்டிய இடத்திலேயே இருபது பொட்டும் விழும்.

ஐந்தாம் படி: பேசாதவர்களோடு பேசுங்கள்

தாள் எத்தனை பேர் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஆறு ஆறு பேராக உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசுங்கள். மாணவர் மன்றத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டால் நன்றாகப் பேசுவார்கள். அவர்கள் எங்கே கூப்பிட்டாலும் நன்றாகப் பேசுவார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறு ஆட்களை: மொழியை நடுவில் விட்டவர்கள், மதிப்பெண் குறைந்தும் விடாமல் இருப்பவர்கள், எழுத்தைப் படிப்பதில் சிரமம் உள்ளவர்கள், புதிதாக வந்து சேர்ந்தவர்கள்.

பாடம் எடுக்கும் மொழி ஆசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. இது எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய மனத்தாங்கலாகிவிட்டது. “எங்களைப் பற்றிப் புகார் வாங்கவா?” என்றார்கள். நியாயமான பயம்தான். பேச்சைத் தொடங்கும்போதே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: ஆட்களைப் பற்றிப் பேச வேண்டாம், வகுப்பில் என்ன நடந்தால் கற்க முடிகிறது, எது நடந்தால் முடியவில்லை என்று மட்டும் பேசலாம். மொழி ஆசிரியர்களுக்கும் இந்த விதியை முன்பே காட்டுங்கள்.

இன்னும் நல்ல வழி, மேல் வகுப்பு மாணவர்கள் நான்கு பேரைப் பழக்கி அவர்களையே பேட்டி எடுக்கவைப்பது. குறுக்கே பேசாமல் கேட்பது, பெயரைச் சொல்லாமல் குறிப்பெடுப்பது, ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது, இவ்வளவுதான் பயிற்சி. ஒரு மாலை போதும். எங்களிடம் “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்று முடித்துக்கொண்ட பையன், அக்கா ஒருத்தி கேட்டபோது சொன்னது இது: “எழுந்து நின்னு பேசச் சொல்றாங்கக்கா. தப்பா சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அந்தப் பீரியட் வந்தாலே வயித்த கலக்கும்.” அவனுக்கு மொழி பிரச்சினையே இல்லை. எழுந்து நிற்பதுதான் பிரச்சினை. இது எந்தக் கேள்வித்தாளிலும் வந்திருக்காது.

ஆறாம் படி: எண்ணும்போது ஏமாறாதீர்கள்

கையில் வரிசைப்படுத்திய தாள்கள் இருக்கின்றன. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 மாணவர்கள், மூன்று மொழிகள். முதல் விருப்பம் ஜப்பானியம் 48, பிரெஞ்சு 42, ஸ்பானியம் 30. ஜப்பானியம் ஜெயித்தது, அதையே எல்லோருக்கும் வைப்போம் என்று முடித்துவிடலாமா?

மூன்றாம் விருப்பத்தையும் எண்ணுங்கள். பிரெஞ்சை முதலில் போட்ட 42 பேரில் 36 பேர் ஜப்பானியத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். ஸ்பானியம் போட்ட 30 பேரில் 24 பேரும் அப்படியே. ஆக 60 பேருக்கு, அதாவது சரிபாதிப் பேருக்கு, ஜப்பானியம்தான் கடைசி. முதலில் வந்த மொழியை வைத்தால் பாதிப் பள்ளி வேண்டா வெறுப்பாக உட்காரும்.

சரி, இரண்டு மொழி வைக்க முடிந்தால்? மூன்றில் இரண்டை வைத்தால் யாருக்கும் மூன்றாம் விருப்பம் வர வழியே இல்லை. ஸ்பானியத்தை விட்டுவிட்டால் 30 பேர் மட்டும் இரண்டாம் விருப்பத்துக்குப் போக வேண்டும்: 24 பேர் பிரெஞ்சுக்கு, 6 பேர் ஜப்பானியத்துக்கு. பிரெஞ்சு 66, ஜப்பானியம் 54. இரண்டும் இரண்டிரண்டு செக்‌ஷனாக ஓடும். ஆக நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ‘எந்த மொழி’ என்று இல்லை, ‘இன்னொரு ஆசிரியருக்கு வழி உண்டா’ என்று. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரமும் ஒரு கால்குலேட்டரும் போதும். டிக் போடும் தாளாக இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஒரு வகுப்பு நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பின்லாந்தில் 2020 முதல் ஒன்றாம் வகுப்பிலேயே முதல் அயல்மொழி தொடங்குகிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் உண்டு, ஆனாலும் மிகப் பெரும்பாலானோர் ஆங்கிலத்துக்கே போகிறார்கள். ஆள் சேராத மொழிக்கு வகுப்பு திறக்காது, திறக்காது என்று தெரிந்தால் அடுத்த வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கும் சிறிய மொழிகள் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. பன்னிரண்டு பேர் என்று வைத்திருந்து பத்துப் பேர் வந்தால், இரண்டு வகுப்புகளைச் சேர்த்து எடுக்கலாமா, பக்கத்துப் பள்ளியோடு இணைந்து இணையவழியில் நடத்தலாமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பத்துப் பேரையும் நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: நேர அட்டவணையோடு ஒரு சண்டை

இதைத் தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எத்தனையோ நல்ல திட்டம் இங்கேதான் செத்துப்போகிறது. அயல்மொழியும் ஓவியமும் ஒரே பீரியட்டில் என்று அட்டவணை போட்டுவிட்டால், இரண்டும் பிடித்த பிள்ளை ஒன்றை விட வேண்டும். வருடக் கடைசியில் எண்ணிக்கையைப் பார்த்து “மொழியில் ஆர்வம் குறைந்துவிட்டது” என்று அறிக்கை எழுதுவார்கள். ஆர்வம் எங்கும் போகவில்லை, ஓவிய அறையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே முதலில் விருப்பங்களைக் கேட்டுவிட்டு, எந்தெந்த ஜோடிகளைப் பலர் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அப்புறம் அட்டவணை போடச் சொல்லுங்கள். அட்டவணை போடுபவரோடு முன்கூட்டியே நட்பாக இருங்கள். இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

எட்டாம் படி: பதில் சொல்லுங்கள்

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதுதான் மிகப் பெரிய தப்பு. கேட்காமலே இருந்ததைவிட மோசம். தாள் வாங்கிய மூன்று வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பக்கம் ஒட்டுங்கள். மூன்று பகுதி: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப்போவது, செய்ய முடியாததும் அதற்கான காரணமும்.

மூன்றாவது பகுதியை எழுதக் கை வராது. ஆனால் பிள்ளைகள் முதலில் படிப்பது அதைத்தான். “கொரிய மொழி கேட்டவர்கள் 9 பேர். குறைந்தது 12 பேர் வேண்டும், ஆசிரியரும் கிடைக்கவில்லை. இந்த வருடம் வகுப்பு இல்லை. புதன்கிழமை மாலை மொழி மன்றத்தில் எழுத்து மட்டும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்கிறோம். அடுத்த வருடம் மறுபடி கேட்போம்.” இப்படி எழுதினால் போதும். ‘உங்கள் ஆலோசனை பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவதும் குப்பையில் போட்டோம் என்று எழுதுவதும் படிக்கிறவனுக்கு ஒன்றுதான்.

ஒன்பதாம் படி: வகுப்புக்குள்ளும் தேர்ந்தெடுக்க இடம் கொடுங்கள்

மொழியைத் தேர்ந்தெடுப்பது வருடத்துக்கு ஒரு நாள். அதன் பிறகு வருடம் முழுக்க வேறு யாரோ வகுத்த பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது என்றால், முதல் நாள் தேர்வுக்கு என்ன மதிப்பு? இங்கே செலவில்லாமல் தரக்கூடியவை நிறைய. இந்தப் பருவத்தில் ஐந்து தலைப்பில் எந்த மூன்றை விரிவாகப் பார்ப்பது? படித்ததைக் காட்ட உரையாடலா, சுவரொட்டியா, ஒலிப்பதிவா? வகுப்பு முன்னால் பேசுவதா, ஆசிரியரிடம் தனியாகப் பேசுவதா? வயிற்றைக் கலக்கிய அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது இந்தக் கடைசித் தேர்வு மட்டும்தான்.

பேசும்போது வரும் தப்பை உடனே திருத்துவதா, பேசி முடித்த பிறகா என்பதையும் கேட்டுப் பாருங்கள். திருத்தினால் பிள்ளைகள் சுருங்கிவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் தயங்குகிறோம். ஆசிரியர்கள் நினைப்பதைவிட அதிகமாகவே மாணவர்கள் திருத்தத்தை விரும்புகிறார்கள் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. என் வகுப்பிலும் அப்படித்தான். எப்போது, எப்படி என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறியது.

எல்லாவற்றையும் தேர்வுக்கு விடவும் வேண்டாம். எழுத்துப் பயிற்சி வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தால் விடை தெரிந்ததுதான். அடிப்படை எது, விருப்பம் எது என்று பிரித்துச் சொல்வது ஆசிரியரின் வேலை. பிள்ளைகளும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பத்தாம் படி: மனம் மாற இடம், நடுவில் கைவிடாத உறுதி

சேர்ந்து ஆறு வாரம் வரை மொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கெடு வையுங்கள். அதற்குப் பிறகு வருடம் முடியும் வரை கிடையாது. கெடு இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் மாற மாட்டார்கள். வெளியே வழி இருக்கிறது என்ற நிம்மதி போதும். மாறுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் நினைத்ததற்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம்? அந்த விடைகள் அடுத்த வருடத் தகவல் தாளுக்குப் போகட்டும். எங்கள் தாளில் ‘எழுத்தே மூன்று வகை’ என்ற வரி இப்போது முதலில் இருக்கிறது.

இதே மாதிரி பள்ளி தரப்பிலும் ஒரு உறுதி வேண்டும். புதிதாக ஒரு மொழி பிரபலமாகிறது என்பதற்காக ஏற்கெனவே இரண்டு வருடம் ஒன்றைப் படித்தவர்களை நடுவழியில் இறக்கிவிடக் கூடாது. ஒரு மொழியை நிறுத்துவதானால் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள்; படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும் வரை வகுப்பு ஓடட்டும், ஏழு பேர்தான் மிஞ்சினாலும் சரி. இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் தலைமை ஆசிரியர்கள் மாறுவார்கள்.

அடுத்த வருடக் கேள்வித்தாளை இப்போதே தயார் செய்து வைத்துவிடலாம். முதல் கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: “போன வருடம் நீங்கள் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை?”